கேட்டு வாங்கிய சட்டம்

— உங்களை யாராவது வந்து கேட்டாங்களா? போலீஸ் வந்து கதவைத் தட்டுச்சா? இல்லல்ல? வேலைக்குப் போற மாதிரி தலை சீவி, சட்டை மாட்டி, தானாப் போய் ஸ்டேஷன்ல உக்காந்துக்கிட்டீங்க. நல்லா இருக்கு கதை.

— மெதுவாப் பேசு. வெளிய கான்ஸ்டபிள் நிக்கிறாரு.

— நிக்கட்டும். அவர் காதுலயும் விழட்டும். ஊர்ல எவனெவனோ என்னென்னமோ பண்ணிட்டு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரியுறான். என் வீட்டுக்காரர் ஒண்ணுமே பண்ணாம உள்ள வந்து உக்காந்திருக்காரு.

— ஒண்ணும் பண்ணாததுதான் குத்தம். நாம கேட்டு வாங்கின சட்டமே அதுதானே.

— ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் முதல்ல உக்காருங்க. அக்கா, அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடுது. இப்படி வாங்க. நான் இலவச சட்ட உதவியிலிருந்து வந்திருக்கேன். நேத்துதான் கேஸை என்கிட்ட கொடுத்தாங்க, இனிமே ஐயாவுக்கு நான்தான் வக்கீல். இன்னும் கொஞ்ச நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்குள்ள எனக்குச் சில விஷயம் புரியணும். சரியா?

— கேளுங்க வக்கீலம்மா.

— அவரைக் கேட்டா தானே கயித்தை எடுத்துக் கழுத்துல மாட்டிக்குவாரு. என்னைக் கேளுங்க மேடம்.

— சரிக்கா, நீங்களே சொல்லுங்க. உங்க பொண்ணு விஷயம் எனக்குத் தெரியும். காலேஜ்ல அந்தச் சட்டத்தோட நம்பர் எங்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. உங்க பொண்ணு பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஆனா பேப்பர்ல படிச்சது வேற. எதிர்வீட்டுக்காரர் அன்னிக்கு என்ன பண்ணாரு?

— என்ன பண்ணான்? வேடிக்கை பார்த்தான். எங்க பொண்ணுக்குச் சின்ன வயசுலேருந்தே மூச்சுத்திணறல் உண்டு மேடம். அன்னிக்குச் சாயங்காலம் நான் ஆஸ்பத்திரி லாண்டரில துணி பிழிஞ்சுக்கிட்டு இருந்தேன். இவர் டிப்போல பஸ்ஸுக்கு அடியில படுத்து ரிப்பேர் பார்த்துக்கிட்டு இருந்தாரு. வீட்ல அவ ஒருத்திதான். மூச்சு முட்டியிருக்கு, வாயில அடிச்சுக்கிற மருந்து காலியாயிருக்கு. படி இறங்கத் தெம்பில்ல. எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கா. தட்டித் தட்டி, கடைசியில பிறாண்டியிருக்கா. கதவு பெயிண்ட்ல நகக் கீறல் இருந்துச்சு, என் கண்ணால பார்த்தேன். அந்த ஆளு உள்ள நின்னு கதவு ஓட்டை வழியா எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கான். அந்த வாசல்லயே என் பொண்ணு உயிர் போயிடுச்சு.

— அதையும் அவரேதான் போலீஸ்ல சொன்னாரு, வக்கீலம்மா. மறைக்கல.

— ஆமா, பெரிய யோக்கியன். 'யாரோ துரத்திக்கிட்டு வர்றாங்கன்னு நினைச்சேன், நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்.' இதுதான் சொன்னான். சரி, கதவைத் திறக்கப் பயம். ஒரு போன் பண்ணக் கூடவா கை வரல? போனுக்குள்ள இருந்து எவன் வந்து இவனைக் கடிக்கப் போறான்?

— அப்ப போலீஸ் என்ன சொன்னாங்க?

— அந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். அதாவது, அவர் எங்களை உக்கார வச்சு, புத்தகத்தையே புரட்டிக் காட்டினாரு. 'அண்ணே, அந்த ஆளு கையால எதுவும் செய்யலையே. செய்யாம விட்டதுக்கு எந்தப் பிரிவுல போடுறது?'ன்னு கேட்டாரு. பெத்தவங்க பிள்ளையைக் கவனிக்காம விட்டா குத்தம். டாக்டர் நோயாளியைப் பாதியில விட்டுட்டுப் போனா குத்தம். எதிர்வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கடமை எங்கயும் எழுதல. தண்ணில முங்குறவனைக் கரையில நின்னு பார்த்துக்கிட்டே கடலை தின்னாலும், அன்னிக்கு அது பாவம்தான். குத்தம் இல்ல.

— அதுக்கப்புறம்தான் அலைய ஆரம்பிச்சோம் மேடம். மனு கொடுக்காத ஆபீஸ் இல்ல. வெயில்ல பொண்ணு போட்டோவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரோட்டோரமா நின்னிருக்கோம். வாய் பேசாத இந்த மனுஷன் மைக் பிடிச்சுப் பேசினாரு. 'பார்த்துக்கிட்டு நின்னவனும் குத்தவாளிதான்'னு இவர் சொன்னதைத்தான் அட்டையில எழுதி ஊரே தூக்கிட்டு வந்துச்சு.

— அது என்னைக்கும் நான் மறக்கமாட்டேன். நான் சொன்ன வார்த்தை.

— மறந்திருந்தா நல்லா இருந்திருக்கும். சட்டம் பாஸான அன்னிக்கு எல்லாரும் கையைப் பிடிச்சுக் குலுக்குறாங்க. நான் கேட்டேன், 'அப்ப அந்த ஆளை எப்பப் பிடிப்பீங்க?'ன்னு. ஒருத்தர் கூட என் மூஞ்சியப் பார்க்கல மேடம். எல்லாரும் மேஜையையே பார்த்தாங்க.

— அக்கா, அது வந்து...

— தெரியும், தெரியும். பின்னால போகாதாம். இன்னிக்குப் போட்ட சட்டத்தை வச்சு நேத்து நடந்ததைக் கேக்கக்கூடாதாம். அரசியல் சட்டத்துலயே எழுதி வச்சிருக்காம். எதுக்குன்னு கேக்குறேன். அவனைக் காப்பாத்தவா?

— அவரை மட்டும் காப்பாத்த இல்லக்கா. அந்த ஒரு வரி இல்லன்னு வைங்க, ஆட்சியில இருக்கிறவங்க தனக்கு ஆகாத ஆளை முதல்ல குறிச்சுக்குவாங்க. அவர் போன வருஷம் என்ன செஞ்சாருன்னு தேடுவாங்க. அப்புறம் அதுக்கு அளவெடுத்து ஒரு சட்டம் தைப்பாங்க. நேத்து நீங்க மொட்டைமாடில துணி காயப்போட்டது நாளைக்குக் குத்தமாயிடும். உங்களால அதைத் திரும்பப் போய் எடுக்கவும் முடியாது.

— இதையேதான் எல்லாரும் சொன்னாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். புத்திக்கு ஏறுது மேடம். இங்க ஏற மாட்டேங்குதே, இங்க.

— எனக்கு ஏறுச்சு, வக்கீலம்மா. முதல்ல கோபம்தான். சட்டம் எழுதின கமிட்டில ஒருத்தர் இதை விளக்கிச் சொன்னப்ப, நாற்காலியைத் தள்ளிவிட்டுட்டு வெளிய போயிட்டேன். அப்புறம் டிப்போல ஒருநாள் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு யோசிச்சேன். அந்த மனுஷன் கதவுக்குப் பின்னால நின்னப்ப, இது குத்தம்னு யாரும் அவருக்குச் சொல்லி வைக்கல. சொல்லாத பாடத்துக்குப் பரீட்சை வைக்க முடியாது. சரி, இனிமே அடுத்தவன் பிள்ளைக்காவது ஆகட்டும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

— பாருங்க மேடம், இதான் இவரு. எல்லாரும் பேசறது இவருக்கு நியாயமாப்படும், பொண்டாட்டி பேசறதைத் தவிர.

— வீட்டை மாத்தலையா நீங்க?

— நாங்க ஏன் மாத்தணும்? என் பொண்ணு வளர்ந்த வீடு. அவன் போகட்டும்னு இருந்தேன். அவனும் போகல. படியில எதிர்ல வந்தா சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டு வழி விடுவான். ஒரு வார்த்தை, 'தப்புப் பண்ணிட்டேம்மா'ன்னு ஒரே ஒரு வார்த்தை, இன்னிவரைக்கும் அவன் வாயிலேருந்து வரல.

— கதவு ஓட்டையை அடைச்சிட்டாரு. பிளாஸ்திரி ஒட்டி. அப்புறம், இந்தச் சட்டம் வந்தப்புறம்னு நினைக்கிறேன், காலையில எழுந்ததும் கதவைத் திறந்து வச்சிடுவாரு. ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து. ராத்திரி தூங்கப் போறவரைக்கும் அப்படியே இருக்கும்.

— நம்மளை நோட்டம் விடத்தான்.

— முதுகைக் காட்டித்தான் உக்காந்திருப்பாரு. நீ பார்த்ததில்ல.

— நான் ஏன் அந்தப் பக்கம் பார்க்கப் போறேன்?

— சரி. இப்ப அந்த எதிர்வீட்டுக்காரர் இறந்த அன்னிக்கு வருவோம். நான் ஃபைல்ல படிச்சதைச் சொல்றேன், தப்பு இருந்தா திருத்துங்க. மதியம். கீழ்வீட்டு டெய்லர் மிஷின்ல உக்காந்திருக்காரு. ரேடியோல செய்தி ஆரம்பிக்கிற நேரம், மேல தொப்புன்னு ஒரு சத்தம். ஏதோ மூட்டையை இறக்குறாங்கன்னு நினைச்சு விட்டுட்டாரு. செய்தியெல்லாம் முடிஞ்சு பாட்டு ஓடும்போது, ஐயா, நீங்க காலை ஷிஃப்ட் முடிஞ்சு படி ஏறிப் போறதைப் பார்க்குறாரு. சாயங்காலம் தைச்ச பேன்ட்டைக் கொடுக்க அவர் மேல போனப்பதான், எதிர்வீட்டுக்காரர் வாசல்ல செத்துக் கிடக்குறாரு. டெய்லர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாரு. இவ்வளவுதான். யாரும் யார் மேலயும் சந்தேகப்படல. ஆஸ்பத்திரில வழக்கம்போல பிரேதப் பரிசோதனை பண்ணிட்டு, வயசான ஆளு, இதயம் நின்னு போச்சுன்னு காரியத்தை முடிச்சிட்டாங்க.

— அதைத்தானே சொல்றேன். முடிஞ்சு போச்சு. நான் அன்னிக்கு டூட்டி முடிஞ்சு வந்தேன். இவர் குளிச்சிட்டுச் சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தாரு. 'எதிர்வீட்டு ஆளு போய்ச் சேர்ந்துட்டானாம்'னேன். 'ம்'னாரு. நான் பொய் சொல்லமாட்டேன் மேடம், அன்னிக்கு வயிறு நிறைய சாப்பிட்டேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம். இவர் தட்டை அப்படியே தள்ளி வச்சாரு. எனக்கு ஒண்ணும் தோணல. பாவம், அலுப்புன்னு விட்டுட்டேன். காரியம் முடிஞ்ச மறுநாள் டிப்போல இருந்து ஆள் வருது, 'அண்ணன் வேலைக்கு வரலையே, எங்க?'ன்னு. இவர் ஸ்டேஷன்ல!

— அக்கா, இனிமே ஐயாகிட்ட நான் தனியாப் பேசணும். நீங்க கொஞ்சம் வெளிய இருக்கணும்.

— ஏன்? எனக்குத் தெரியாம என்ன இருக்கு?

— தெரியாம இருக்கிறதுதான் உங்களுக்கு நல்லது. நீங்க இருக்கும்போது அவர் ஏதாவது சொன்னா, நாளைக்கு அதை உங்ககிட்ட கேக்க வழி தேடுவாங்க. என்கிட்ட மட்டும் சொன்னா யாராலயும் கேக்க முடியாது. என்னைக் கூண்டுல ஏத்த முடியாது. சரியா?

— போறேன். ஆனா ஒண்ணு, இந்தாங்க, என்னைப் பாருங்க. தரையைப் பார்க்காதீங்க. அந்த ஆளுக்காக நான் அழமாட்டேன். உங்களையும் அழக்கூடாதுன்னு சொல்லல. அழுதுக்குங்க. வீட்ல வந்து அழுங்க. அந்த வீட்ல ஏற்கெனவே ஒருத்தியோட துணி, தட்டு, செருப்பு எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். உங்க செருப்பையும் பக்கத்துல வைக்க என்னால முடியாது. மேடம் என்ன சொல்றாங்களோ அதைக் கேளுங்க. கேப்பீங்களா?

— ம்.

— இந்த 'ம்' வேண்டாம் எனக்கு.

— கேக்குறேன். போ.

— கதவைச் சாத்திட்டுப் போங்கக்கா. தேங்க்ஸ். ஐயா, தண்ணி வேணுமா?

— வேண்டாம்மா. அவளைத் தப்பா நினைக்காதீங்க. நாக்குதான் அப்படி.

— நான் எதுவும் நினைக்கல. இப்ப முக்கியமான விஷயம். நீங்க போலீஸ்ல ஒப்புக்கிட்டீங்க. போலீஸ்கிட்ட சொன்னது கோர்ட்டுல நிக்காது. அவங்களுக்கும் தெரியும். அதனாலதான் இன்னிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துறாங்க. அங்க உக்காந்து அதையே மறுபடி சொன்னீங்கன்னா, அப்புறம் கடவுளே வந்தாலும் அழிக்க முடியாது. மாஜிஸ்திரேட் உங்களைக் கேப்பாரு, 'யாராவது மிரட்டினாங்களா, சொல்லணும்னு கட்டாயம் இல்ல, தெரியுமா?'ன்னு. அப்ப நீங்க வாயைத் திறக்கக்கூடாது.

— பேசாம இருக்கிறது தப்பில்லையா?

— உங்க உரிமை அது. எந்த மனுஷனையும் அவனுக்கு எதிரா அவனையே சாட்சி சொல்ல வைக்கக்கூடாது. ஒரு காலத்துல ஆளைத் தலைகீழாத் தொங்கவிட்டு ஒப்புக்க வச்சாங்க. வலி தாங்காம பண்ணாதவனும் பண்ணேன்னு சொன்னான். அதையெல்லாம் பார்த்துட்டுப் போட்ட வேலிங்க இது.

— என்னை யாரும் அடிக்கலையேம்மா. டீ வாங்கிக் கொடுத்தாங்க.

— வெளியில இருந்து மட்டும்தான் அடி விழுமா ஐயா?

— சரிதான். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். அதாவது, நான் படிக்காதவன், தப்பா இருந்தா சொல்லுங்க. கேக்குறப்ப பேசாம இருக்கிறது என் உரிமைன்னா, என் பொண்ணு தட்டுறப்ப பேசாம இருந்தது அவரோட உரிமைதானே?

— இல்ல. அது வேற. அங்க கேட்டது ஒரு உயிர். இங்க கேக்குறது அரசாங்கம். அரசாங்கத்துக்குப் போலீஸ் இருக்கு, லேப் இருக்கு, வக்கீல் இருக்கு. உங்க குத்தத்தை நிரூபிக்கிற வேலை அவங்களோடது. அந்த வேலையை நீங்க செஞ்சு கொடுக்கணும்னு எந்த அவசியமும் இல்ல.

— நல்லாத்தான் சொல்றீங்க. என் பொண்ணும் இப்படித்தான் பட்டுபட்டுன்னு சொல்வா.

— போலீஸ்ல என்ன சொன்னீங்களோ, அதை மட்டும் ஒரு தடவை எனக்குச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். நான் கேட்டா மட்டும் போதும்.

— படி ஏறி வந்தேன். அவர் கதவு திறந்திருந்துச்சு. பாதி உடம்பு உள்ள, பாதி வெளிய. பால் பாக்கெட் உடைஞ்சு, படி வரைக்கும் பால் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு கால் செருப்பு கழண்டு எங்க வீட்டு வாசல் மிதியடி மேல கிடந்துச்சு. நான் நின்னேன். போன் சட்டைப்பையில. அது கனக்குறது தெரிஞ்சுது. கையைத் தூக்கினேன், பை வரைக்கும் வந்துச்சு. அங்கேயே நின்னு போச்சு. பிடிச்ச பிரேக் விடாத வண்டி மாதிரி. எவ்வளவு நேரம்னு தெரியல. அந்தச் செருப்பைக் காலால நகர்த்திவிட்டுட்டு, பூட்டைத் திறந்து உள்ள போனேன். கதவைச் சாத்தினேன். குளிச்சேன்.

— இவ்வளவுதான் போலீஸ்ல சொன்னீங்க.

— இன்னொண்ணும் சொன்னேன். நிக்கிறப்ப என்ன நினைச்சேன்னு. 'இப்பத் தெரியுதா?'ன்னு நினைச்சேன். அவரைப் பார்த்து. மனசுக்குள்ள அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அதுல ஒரு... எப்படிச் சொல்றது, ஒரு ருசி இருந்துச்சும்மா.

— அந்த ருசிக்குச் சட்டத்துல தண்டனை இல்ல.

— எப்படி இல்லாம போகும்?

— மனசுக்குள்ள சட்டம் நுழையாது. நுழைய விடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் ஒழியணும்னு தினம் நூறு பேர் நினைக்கிறாங்க. நினைச்சதுக்கெல்லாம் தண்டனைன்னா ஊர்ல பாதிப் பேரு உள்ள இருப்போம், நான் உட்பட. கெட்ட எண்ணம் மட்டும் போதாது. செயல் வேணும். இல்ல, செய்ய வேண்டியதைச் செய்யாம விட்டிருக்கணும். ரெண்டும் சேர்ந்தாதான் குத்தம்.

— நான்தான் செய்யாம விட்டேனே.

— அங்கதான் விஷயம் இருக்கு. கொஞ்சம் கிட்ட வாங்க. நேத்து மாலைதான் எனக்குப் பிரேதப் பரிசோதனை விவரம் கிடைச்சுது. டாக்டர் என்ன சொல்றாருன்னா, பெரிய மாரடைப்பு. விழுந்த உடனேயே உயிர் போயிருக்கணும். நிமிஷக் கணக்கு கூட இல்ல. சத்தம் கேட்டது செய்தி ஆரம்பிக்கும்போது. நீங்க படி ஏறினது பாட்டு ஓடும்போது. புரியுதா? நீங்க வரும்போது அங்க கிடந்தது உடம்பு.

— உடம்பு.

— உதவி செய்யணும்னா, உதவி வாங்கிக்க ஒரு உயிர் இருக்கணும். இந்தச் சட்டம், உங்க பொண்ணு பேர்ல இருக்கிற சட்டம், 'உயிராபத்தில் இருப்பவர்'னுதான் ஆரம்பிக்குது. செத்தவங்களுக்கு ஆபத்து கிடையாது. அரசு வக்கீலும் இதைப் படிச்சிட்டாரு. அவர் கையில இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். நீங்க வாயை மூடிக்கிட்டா கேஸ் இல்ல. வாபஸ் வாங்கிடுவாரு. நீங்க அக்காவோட வீட்டுக்குப் போகலாம்.

— அப்ப நான் எதுவும் பண்ணல.

— சட்டப்படி எதுவும் பண்ணல.

— அவரும் அன்னிக்குச் சட்டப்படி எதுவும் பண்ணல.

— ஐயா...

— இல்லம்மா, சும்மா சொன்னேன். கணக்கு சரியா வருதான்னு பார்த்தேன்.

— ஏன் ஸ்டேஷனுக்குப் போனீங்கன்னு நான் இதுவரை கேக்கல. கேக்கவும் தேவையில்ல. ஆனா ஒரு வார்த்தை சொல்றேன், வக்கீலாச் சொல்லல. உங்களை நீங்களே தண்டிச்சுக்கணும்னு தோணலாம். அதுக்குக் கோர்ட்டைப் பயன்படுத்தாதீங்க. பண்ணாத குத்தத்துக்கு ஒருத்தர் விரும்பிப் போய் உக்காந்தாலும், அது அநியாயம்தான். உங்க பொண்ணு பேர்ல இருக்கிற சட்டத்துல போடுற முதல் கேஸ் இது. அது பொய்க் கேஸா இருக்கக்கூடாது.

— முதல் கேஸா? இதுக்கு முன்னாடி யாரையும் பிடிக்கலையா?

— யாரையும் இல்ல. நீங்கதான் முதல்.

— அப்ப நான் தப்பிச்சா, அடுத்து ஒருத்தன் நிப்பான். கதவுக்குப் பின்னால. 'சட்டம் கேட்டவனே நின்னுட்டு வெளிய வந்துட்டானே'ன்னு நினைப்பான்.

— நினைக்கட்டும். அதுக்காக உங்களைப் பலி கொடுக்க முடியாது. அடுத்தவங்களுக்குப் பாடம் சொல்றதுக்காக நிரபராதியைத் தண்டிக்க ஆரம்பிச்சா, அப்புறம் சட்டம்னு ஒண்ணு எதுக்கு? பார்த்தீங்களா, கூப்பிடுறாங்க. இதோ வந்துட்டோம் சார், ஒரு நிமிஷம்! ஐயா, உள்ள போனதும் ஒரே ஒரு வரி. 'நான் எதுவும் சொல்ல விரும்பல.' அவ்வளவுதான். சொல்லிப் பாருங்க.

— நான்... எதுவும் சொல்ல விரும்பல.

— தலையை நிமித்திச் சொல்லுங்க.

— நான் எதுவும் சொல்ல விரும்பல.

— போதும். அழகாச் சொன்னீங்க. சட்டைக் காலரைச் சரி பண்ணிக்குங்க. அக்கா வெளிய நிக்கிறாங்க. வாங்க.

— வக்கீலம்மா, உங்ககிட்ட மட்டும் சொன்னா யாராலயும் கேக்க முடியாதுன்னீங்களே?

— ஆமா. ஆனா எல்லாத்தையும் என்கிட்ட சொல்லணும்னு இல்ல.

— அந்த டாக்டர் நல்லாப் படிச்சவரா?

— ஏன் கேக்குறீங்க?

— போலீஸ்ல எல்லாத்தையும் சொல்லிடணும்னுதான் போனேன். ஒண்ணை மட்டும் சொல்ல வாய் வரல. எழுதுறவரு பேனாவை மூடிட்டாரு. நானும் விட்டுட்டேன்.

— ஐயா, வேண்டாம். இப்ப நீங்க சொல்லப்போறதை நான் கேட்டுட்டா, கேக்காத மாதிரி அங்க போய் நின்னு பேச என்னால முடியாது. டாக்டர் எழுதினது இருக்கு, டெய்லர் சொன்னது இருக்கு, நாம ஜெயிச்சாச்சு. எழுந்திருங்க. எதுவா இருந்தாலும் அது அந்த வாசலோடயே இருக்கட்டும்.

— எழுந்துட்டேன். வர்றேன். நீங்க இவ்வளவு விளக்கமாச் சொன்னீங்களே, இதை மட்டும் எனக்குப் புரியவச்சிடுங்க. செத்துப்போன மனுஷன் எப்படிம்மா என் முகத்தைப் பார்த்து, என் பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு?